மாறியை அறிவித்தலும் ஆய்வு நேர்மையும்

சற்று நீண்ட பதிவு. விரிதாளில் தரவை அடுக்கி ஆய்வு செய்யும் மாணவர்களும், அவர்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். நிரலாக்கம் அறியாதவர்களும் தொடரலாம். தேவையான இடங்களில் விளக்கம் தந்திருக்கிறேன்.

கடந்த பருவத்தில், ஒரு கருத்தரங்கின் அமைப்பாளர்களுக்கு நானே ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்த என் ஆய்வுச் சுருக்கத்தின் முதன்மையான எண் தவறு என்பதே அக்கடிதத்தின் செய்தி. பிழை ஒலிப்பதிவில் இல்லை, அளவீட்டில் இல்லை, நான் கையாண்ட புள்ளியியல் சோதனையிலும் இல்லை. எக்செல் மேக்ரோ ஒன்றில், ஒரு மாறியின் பெயரில், ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. அந்த மாறியை முன்கூட்டி அறிவித்திருந்தால் அப்பிழை ஒரு நிமிடம்கூட உயிரோடு இருந்திருக்காது.

இதிலிருந்து நான் வந்தடைந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்ரோவில் மாறிகளை அறிவித்துவிட்டுப் பயன்படுத்துவது நிரலாளரின் தனிப்பட்ட பழக்கம் சார்ந்த செய்தி அன்று. ஆய்வேட்டின் முதல் இயலில் கலைச்சொற்களை வரையறுத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறோமே, அதற்கு நிகரான கடமை அது. அதை நம் துறைகள் கற்பிக்கவும் வேண்டும். மாணவரிடம் கேட்டுப் பெறவும் வேண்டும். இன்று பெரும்பாலும் இரண்டும் நடப்பதில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் ஆய்வு, தமிழ்ப் பேச்சில் குறில், நெடில் உயிர்களின் கால அளவு பற்றியது. பிராட் என்னும் ஒலியியல் மென்பொருளில் ஒவ்வோர் உயிரின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, கால அளவை மில்லி விநாடியில் எடுத்து, எக்செல் தாளில் வரிசைக்கு ஒன்றாக அடுக்குவேன். பேசுநர் எண், சொல், உயிரின் வகை, சொல்லில் அது வரும் அசை, கால அளவு என ஐந்து நெடுவரிசைகள், ஆயிரக்கணக்கான வரிசைகள். பேசுநர்வாரியாகச் சராசரி காண்பதற்கு, எங்கள் ஆய்வகத்தில் மூத்த ஆய்வாளர் ஒருவர் எழுதி விட்டுச்சென்ற மேக்ரோ ஒன்று உண்டு. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் அதையே பயன்படுத்தினோம்.

அந்த மேக்ரோ சொல்லின் முதல் அசையில் வரும் நெடில்களை மட்டும் கணக்கில் கொண்டது. அவருடைய ஆய்வுக்கு அது போதுமானது. எனக்கு ஏனைய அசைகளும் தேவைப்பட்டன. ஆகவே அதில் ஒரு கிளையைச் சேர்த்தேன். கால அளவைக் கூட்டும் வரியை மேலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். எண்ணிக்கையை ஒன்றால் உயர்த்தும் வரியைக் கையால் தட்டச்சு செய்தேன். பிழை அங்கே நுழைந்தது.

நெடில் என்ற சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது, மூத்தவர் நடுவில் உள்ள டகரத்துக்கு ‘தமிழ்’ என்று ரோமனில் எழுதத் தொடங்கும் எழுத்தை இட்டிருந்தார். நான் ‘டெல்லி’ என்று எழுதத் தொடங்கும் எழுத்தை இட்டேன். இருவரும் எழுதியது ஒரே தமிழ்ச் சொல். தமிழில் இரண்டு ஒலிக்கும் எழுத்து ஒன்றே. ஆனால் எக்செலுக்கு அவை இரண்டு வெவ்வேறு மாறிகள். முதல் அசை நெடில்களின் எண்ணிக்கை ஒரு மாறியிலும், மற்ற அசை நெடில்களின் எண்ணிக்கை இன்னொரு மாறியிலும் சேர்ந்துகொண்டே போயின. கால அளவின் கூட்டுத்தொகையில் இரண்டும் சேர்ந்தன. வகுக்கும்போது முதல் எண்ணிக்கை மட்டுமே வந்தது.

விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பத்து நெடில்கள், ஒவ்வொன்றும் 150 மில்லி விநாடி, ஒன்பது முதல் அசையில், ஒன்று வேறு அசையில். கூட்டுத்தொகை 1500. பத்தால் வகுத்தால் 150. என் மேக்ரோ ஒன்பதால் வகுத்தது, விடை 166.7. எந்தப் பேசுநரும் அவ்வளவு நீட்டி ஒலிக்கவில்லை. ஆயினும் அந்த எண் நம்பத்தகாத எண் அன்று. நெடில் அவ்வளவு நீளலாம். அதுதான் ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குறிலின் கணக்கு சரியாக இருந்தது. நெடிலின் சராசரி மட்டும் உயர்ந்தது. ஆகவே நெடிலுக்கும் குறிலுக்கும் இடையிலான விகிதம் பெரிதாகத் தெரிந்தது. என் கருதுகோளும் அதையே எதிர்பார்த்தது. விகிதம் சிறிதாக வந்திருந்தால் இரவெல்லாம் விழித்திருந்து தரவைத் துருவியிருப்பேன். பெரிதாக வந்ததால் மகிழ்ந்து சுருக்கம் எழுதி அனுப்பினேன். நமக்குச் சாதகமான பிழையை நாம் தேடுவதில்லை.

பிழையைக் கண்டுபிடித்தது நான் அல்ல. எங்கள் துறையில் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி, தரவைக் கையாளப் பழகுவதற்காக, “அக்கா, ஒரே ஒரு பேசுநருக்கு மட்டும் கையால் கூட்டிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து வந்து, “நான் எங்கேயோ தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது அக்கா, எனக்குச் சராசரி குறைவாக வருகிறது” என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இருவரும் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினோம். அவள் எண்ணியது சரி. எந்திரம் சொன்னது தவறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. எந்திரம் தவறலாம் என்பதை நாங்கள் யாரும் அவளுக்குக் கற்பித்திருக்கவில்லை.

திருத்திய பின்னும் வேறுபாடு இருந்தது. ஆனால் சுருக்கத்தில் நான் பெருமையோடு எழுதிய அளவில் இல்லை. ஆய்வேட்டின் ஓர் இயலை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூத்த ஆய்வாளரின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. ஆனால் அந்த மேக்ரோவின் தலையில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், முதல் ஓட்டத்திலேயே எக்செல் என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

அந்த வரி ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’. 1993-இல் எக்செலின் ஐந்தாம் பதிப்போடு வந்து இன்றும் வழங்கிவரும் விபிஏ என்னும் மேக்ரோ மொழியில், மாறியை அறிவிப்பதற்கு ‘டிம்’ என்னும் கட்டளை உண்டு. ஆனால் அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இயல்புநிலையில் இல்லை. எந்தப் பெயரை எழுதினாலும், அது புதிய மாறி என்று எடுத்துக்கொண்டு, ‘வேரியன்ட்’ என்னும் எதையும் ஏற்கும் வகையில் ஒன்றை உருவாக்கிவிடும். அதன் தொடக்க மதிப்பு ‘எம்ப்டி’, அதாவது வெறுமை. அந்த வெறுமை எண்களோடு சேர்ந்தால் சுழியமாகும். எழுத்துகளோடு சேர்ந்தால் வெற்றுச் சரமாகும். எந்த எச்சரிக்கையும் வராது. மாட்யூலின் தொடக்கத்தில் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ என்று எழுதிவிட்டால், அறிவிக்கப்படாத பெயர் எதிர்ப்படும் கணமே, மேக்ரோ ஓடத் தொடங்கும் முன்பே, ‘இந்த மாறி வரையறுக்கப்படவில்லை’ என்னும் பொருள்பட எக்செல் நின்றுவிடும்.

விபிஏ தொகுப்பானின் டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, மாறி அறிவிப்பைக் கட்டாயமாக்கும் பெட்டியில் ஒரு குறி இட்டால், இனி உருவாக்கும் ஒவ்வொரு மாட்யூலிலும் அந்த வரி தானாக வந்துவிடும். ஆனால் பழைய மாட்யூல்களில் வராது. அங்கே நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். ஆய்வகங்களில் கைமாறி வரும் மேக்ரோக்கள் எல்லாம் பழைய மாட்யூல்களே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெயர்ப் பிழை மட்டும் என்றால் இவ்வளவு நீட்டிப் பேசத் தேவை இல்லை. செல் என்று நாம் வழங்கும் விரிதாள் கட்டங்களை மாறிகளால் கையாளும்போது, அறிவிப்பின் தேவை இன்னும் ஆழமாகிறது.

ஒரு கட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம்: கட்டத்தை, அல்லது அதற்குள் இருக்கும் மதிப்பை. பேச்சில் இந்த வேறுபாட்டை நாம் பொருட்படுத்துவதில்லை. மொழியியல் மாணவருக்கு இது புதிய செய்தி அன்று. குறிக்கும் சொல்லையும் குறிக்கப்படும் பொருளையும் குழப்பக் கூடாது என்பது நம் முதல் பருவப் பாடம். விபிஏ-யில் ஒரு மாறியை ‘ரேஞ்ச்’ வகை என்று அறிவித்து, ‘செட்’ என்னும் சொல்லோடு பி2 கட்டத்தை அதற்கு அளித்தால், மாறி அந்தக் கட்டத்தையே சுட்டும். மாறியின் வழியே மதிப்பை மாற்றினால் தாளிலும் மாறும். அறிவிக்காத ஒரு மாறிக்கு, ‘செட்’ இல்லாமல் அதே பி2-வை அளித்தால், கட்டம் வராது. அந்த நேரத்தில் அதற்குள் இருந்த மதிப்பின் நகல் மட்டும் வரும். பிறகு மாறியில் என்ன செய்தாலும் தாளில் ஒன்றும் நடக்காது. இரண்டு வரிகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. முதல் மாறியை ‘ரேஞ்ச்’ என்று அறிவித்துவிட்டு ‘செட்’ என்பதை மறந்தால், எக்செல் 91 என்னும் எண்ணிட்ட பிழையைக் காட்டி நிற்கும். அறிவிக்காதவர் மறந்தால் நிற்காது. அறிவித்தவரின் மறதி அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அறிவிக்காதவரின் மறதி தரவுக்குள் புதைந்துவிடுகிறது.

இன்னொன்று. வேறு மென்பொருளிலிருந்து தரவைக் கொண்டுவரும்போது, எண்கள் சில நேரம் எழுத்துச் சரமாக வந்து கட்டங்களில் அமரும். பார்வைக்கு எண், உள்ளே எழுத்து. மூன்று கட்டங்களில் 120, 130, 125 என்று அப்படி இருக்கின்றன. அறிவிக்கப்படாத மாறி ஒன்றில் இவற்றைக் கூட்டல் குறியால் சேர்த்துக்கொண்டே போனால் கிடைப்பது 375 அன்று; 120130125. ஏனெனில் இரண்டு பக்கமும் எழுத்துச் சரமாக இருக்கும்போது கூட்டல் குறி ஒட்டும் குறியாகிவிடுகிறது. கூட்டுத்தொகைக்கான மாறியை ‘டபுள்’ என்னும் எண் வகையாக முன்பே அறிவித்திருந்தால் 375 கிடைக்கும்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டோடுதான் தொடங்குகிறது. பெயரின் திணை தெரிந்தால்தான் அது எந்த வினைமுற்றை ஏற்கும் என்று சொல்ல முடியும். மாறியின் வகையும் அத்தகையதே. அது இன்னதென்று தெரிந்தால்தான் அதன்மேல் நிகழும் செயலுக்குப் பொருள் நிலைபெறும்.

அறிவித்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே ‘டிம்’ வரியில் மூன்று பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, இறுதியில் ‘டபுள்’ என்று முடித்தால், மூன்றும் ‘டபுள்’ ஆகும் என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் கடைசிப் பெயர் மட்டுமே ‘டபுள்’; முதல் இரண்டும் ‘வேரியன்ட்’. ஒவ்வொரு பெயருக்கும் வகையைத் தனித்தனியே எழுத வேண்டும். அதுபோலவே வரிசை எண்ணை ‘இன்டீஜர்’ என்று அறிவிப்பது. அந்த வகை 32,767 வரையே தாங்கும். 2007-இலிருந்து எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. பெரிய தரவுத்தொகுப்பில் 32,768-ஆம் வரிசையில் மேக்ரோ முறிந்துவிடும். ‘லாங்’ என்று அறிவிப்பதே முறை.

தமிழ்த் தரவோடு பணிபுரிவோர்க்கு மட்டும் உரிய ஓர் இடரையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். விபிஏ தொகுப்பானில் தமிழ் எழுத்தை நேரடியாக எழுத இயலாததால், மாறிகளுக்கு ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் பெயரிடுகிறோம். மொழியியலாளர் பலர் ரகர றகரங்களையும், லகர ளகரங்களையும், னகர ணகரங்களையும் சிறிய, பெரிய ரோமன் எழுத்துகளால் வேறுபடுத்தும் பழக்கம் உடையவர்கள். விபிஏ மாறிப் பெயர்களில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே ‘பல்’ என்றும் ‘பள்’ என்றும் நாம் வேறாகக் கருதி இட்ட இரு பெயர்கள் அதற்கு ஒரே மாறி. ஒன்றில் இட்டது மற்றொன்றை அழிக்கும். கட்டங்களுக்குள் இருக்கும் சொற்களை ஒப்பிடும்போதோ, இயல்புநிலையில் அதே விபிஏ சிறிய பெரிய எழுத்துகளை வேறுபடுத்தும். தரவில் இருக்கும் வேறுபாடு பெயரில் இல்லை என்பதை நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

இந்த இடரும் அறிவிப்பால் தீர்கிறது. இரு பெயர்களையும் ‘டிம்’ கொண்டு அறிவித்தால், ஒரே பெயர் இருமுறை அறிவிக்கப்பட்டுள்ளது என்று எக்செல் உடனே மறுத்துவிடும். என் டகரக் குழப்பம் ஒரு சொல்லை இரு மாறியாக்கியது. இந்த ளகரக் குழப்பம் இரு சொற்களை ஒரு மாறியாக்குகிறது. இரண்டையும் பிடிப்பது அறிவிப்பு ஒன்றே.

இது ஒரு மாணவியின் சொந்தத் தடுமாற்றம், இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு என்று கேட்கலாம். விரிதாளின் மௌனப் பிழைகள் ஆய்வு வரலாற்றில் சிறியவை அல்ல.

கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரை, பல நாடுகளின் சிக்கனக் கொள்கை விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், ஒரு பாடத்தின் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீளச் செய்து பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி காணும் சூத்திரம் எல்30 முதல் எல்49 வரை செல்வதற்குப் பதிலாக எல்44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் வரவில்லை. சில ஆண்டுத் தரவுகள் விடுபட்டதும், நாடுகளுக்கு எடை வழங்கிய முறையும் சேர்ந்தே முடிவை மாற்றின. கட்டப் பிழை அவற்றுள் ஒன்று. கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்பது திருத்தப்பட்ட கணக்கில் 2.2 சதவீதம் ஆயிற்று.

2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 15,841 கொரோனா தொற்றாளர்களை அன்றாடக் கணக்கில் சேர்க்கத் தவறியது. 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வடிவம் அதற்குக் காரணமாயிற்று. மரபணுவியலில், மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம்போல் தோன்றிய மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றியதால், 2020-இல் பெயரிடும் குழுவே அந்த மரபணுக்களின் பெயர்களை மாற்ற வேண்டி வந்தது.

இவை எல்லாவற்றையும் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சூத்திரத்தின் எல்லைப் பிழையை அது தடுக்காது. அளவீடு விடுபட்ட வெற்றுக் கட்டத்தை ‘டபுள்’ மாறியில் இட்டால் அது ஓசையின்றிச் சுழியமாகிவிடும்; அதையும் அது தடுக்காது, நாம்தான் சோதிக்க வேண்டும். ஆனால் இவற்றின் பொது இயல்பு ஒன்றே. எந்திரம் நம் நோக்கத்தை ஊகித்துக்கொண்டது. ஊகித்ததை நம்மிடம் சொல்லவில்லை. ஊகத்துக்கு இடம் வைக்காமல் நம் நோக்கத்தை எழுத்தில் முன்வைப்பதே அறிவித்தல். ஹெர்ன்டன் நிகழ்வில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. விரிதாள் கைக்கு வந்ததால்தான் பிழை தெரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டின் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அந்தச் சதவீதத்துக்காக நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றிய இரண்டு மதிப்பெண் அலகுப் பாடம் 2019-இன் இறுதியில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் என் சொற்கள் யாருடைய சொற்களோடு ஒத்துப்போகின்றன என்று சோதிக்கும் அமைப்பு, என் எண்கள் எந்த வழியாக வந்தன என்று ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. அந்த நெறிப் பாடத்தை நானும் படித்துத் தேறியிருக்கிறேன். தரவைப் பொய்யாகப் புனைவது குற்றம் என்று படித்தேன். தரவு தானாகப் பொய்யாகிவிடாமல் காப்பது எப்படி என்று படிக்கவில்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம்.

எக்செலை விட்டு ஆர், பைத்தான் போன்ற மொழிகளுக்குப் போங்கள் என்பது முதல் அறிவுரை. நல்ல அறிவுரைதான், நானும் போய்க்கொண்டிருக்கிறேன். மதிப்பே பெறாத பெயரைப் படிக்க முயன்றால் அம்மொழிகள் பிழை காட்டி நின்றுவிடும். என் பிழை அங்கே பிடிபட்டிருக்கும். ஆனால் அவற்றிலும் மாறியை முன்கூட்டி அறிவிக்கும் கட்டாயம் இல்லை. மதிப்பை இடும் இடத்தில் பெயர் தவறினால், புதிய பெயர் ஒன்று பிறந்துவிடும். பழைய பெயர் பழைய மதிப்போடே நீடிக்கும். கருவி மாறினால் ஒழுக்கம் தானாக வந்துவிடாது. மேலும், மானுடவியல், மொழியியல், கல்வியியல் துறைகளில் நம் மாணவர் கையில் இன்று இருப்பது விரிதாள். இருப்பதைச் செம்மையாகக் கையாளக் கற்பிப்பது நாளைக்கு ஒத்திப்போடத்தக்கது அன்று. லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துவோர்க்கும் அதன் பேசிக் மொழியில் இதே வரி உண்டு.

ஒருமுறை ஓட்டிவிட்டு எறியும் சிறு மேக்ரோவுக்கு இவ்வளவு சடங்கு வேண்டுமா என்பது இரண்டாவது மறுப்பு. ஆய்வகத்தில் எந்த மேக்ரோவும் எறியப்படுவதில்லை. எழுதியவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார், கோப்பு தங்கிவிடும். அடுத்து வருபவர் அதில் ஒரு கிளை சேர்ப்பார், நான் சேர்த்ததைப்போல.

மூன்றாவது மறுப்பு வாய்திறந்து சொல்லப்படுவதில்லை. ஆனால் எங்கும் நிலவுகிறது. இது எழுத்தர் வேலை, ஆய்வாளர் வேலை அன்று என்னும் எண்ணம். அதனால்தான் மேக்ரோவை எழுதியவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. திட்டப் பணியில் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒருவரோ, கணினி தெரிந்த இளையவர் ஒருவரோ எழுதித் தருவார். நன்றியுரையில்கூட இடம் இருக்காது. எண்ணைத் தீர்மானிக்கும் வரி எழுத்தர் வேலை என்றால், அந்த எண்ணை விளக்கி எழுதும் பத்தி மட்டும் எப்படி ஆய்வாகும்?

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

1. ஆய்வு முறையியல் பாடத்தில் இரண்டு வகுப்புகளை விரிதாள், மேக்ரோ ஒழுங்குக்கு ஒதுக்குங்கள். மாறியை அறிவித்தல், கட்டத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, எந்தத் தாளின் கட்டம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல், வெற்றுக் கட்டங்களைச் சோதித்தல் ஆகிய நான்கும் போதும்.

2. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மேக்ரோவின் முழு வரிகளும் இடம்பெறட்டும். வினாநிரலைப் பின்னிணைப்பில் தருகிறோம். விடைகளை எண்ணாக்கிய வழியையும் தருவோம்.

3. மேக்ரோவைப் பெற்றுக்கொள்பவர், ஓட்டும் முன்னர் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ வரியைச் சேர்த்து, டிபக் பட்டியிலுள்ள கம்பைல் கட்டளையை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். பெயர் ஏதேனும் அநாதையாக நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

4. ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சிறு பகுதியை ஒருவர் கையால் செய்து பார்க்கட்டும். அவர் அந்த மேக்ரோவை எழுதாதவராக இருத்தல் நலம். விடை வேறுபட்டால், தவறு அவருடையது என்று முதலில் எண்ணாதிருப்போம்.

கருத்தரங்கு அமைப்பாளர்கள் என் திருத்தத்தைக் கண்ணியத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். என் நெறியாளர் சினந்துகொள்ளவில்லை. “ஏனைய இயல்களையும் பார்த்துவிடு” என்று மட்டும் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய கோப்புகள் ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டுகிறேன். இதுவரை இன்னும் இரண்டு இடங்களில் எக்செல் நின்றிருக்கிறது. அவ்விரண்டும் முடிவைப் பாதிக்கவில்லை. ஆனால் அது என் திறமையால் நேர்ந்தது அன்று.

கையால் எண்ணிய அந்த மாணவியின் பெயர், அவள் இசைவோடு, கட்டுரையின் நன்றியுரையில் வரும். மேக்ரோவை முதலில் எழுதிய மூத்தவரின் பெயரும் வரும். உங்கள் துறையில் கைமாறி வந்த மேக்ரோ ஒன்று இருந்தால், இன்று மாலை அதைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதைக் கீழே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.